பதிமூன்று ஏ

ஆபீஸை மூடிய அன்று
யாரும் கேட்காத வரைபடச் சுருள்களை
வேனில் ஏற்றி செந்தூலுக்குக் கொண்டுவந்தேன்.
மெலோர் டவர், இருபத்தெட்டு மாடி.
எழும்பியது ஒன்பது.

தாளை மடித்து, ஓரம் விட்டு,
நாலு மில்லிமீட்டருக்கு ஒரு கீறல்.
பிரித்தால் ஜன்னல் கம்பி மாதிரி தொங்கும்.
ஈரத்துண்டில் ஓரிரவு.
மறுநாள் சிமெண்டுத் தரையில்
உள்ளங்கையால் உருட்ட உருட்ட
தட்டைப் பட்டைகள் சுருண்டு
நூல்தான் என்று ஒப்புக்கொள்ளும்.
ஓரங்களை ஒன்றுவிட்டு ஒன்று கிழித்தால்
தாள் முழுக்க ஒரே இழை,
திருப்பம்தோறும் ஒரு சின்ன முண்டு.
பிறகு முறுக்கு. அதற்குத் தையல் மிஷின் மோட்டார்.

ஒரு தாளுக்கு நானூறு அடி.
தூண், படிக்கட்டு, கழிவுக்குழாய் எல்லாம்
சாம்பல் புள்ளிகளாயின.
தோள்பைகள் பங்சார் சந்தையில் போயின.
எனக்கென்று ஒரு சட்டை நெய்தேன்:
வேர்வையைக் குடிக்கும், முதுகில் ஒட்டாது,
அசைந்தால் மட்டும் சலசலக்கும்.

இருதயநாதன் வந்தது வியாழக்கிழமை மழையில்.
எல்ஆர்டி பெட்டிகளைப் பழுதுபார்ப்பவர்.
"என் வீட்டு பிளான் உங்ககிட்ட இருக்காம்லா.
பதிமூன்று ஏ, மூணாவது யூனிட்."
(நாலென்றால் சாவென்று அஞ்சும் ஊரில்
பதினாலாம் மாடிக்கு அந்தப் பெயர்.)
"பேங்குக்கு இன்னும் எட்டு வருஷம் கட்டணும்.
எதுக்குக் கட்டுறேன்னு ஒருக்கா பார்த்துடலாம்னு."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
சட்டை சலசலத்தது.

கண்டு ஒன்றை மேசையில் வைத்தேன்.
"இதில்தான் இருக்கிறது.
சமையலறை எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள்."

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.
நுனியைத் தேடிப் பிடித்து
கேபிளைச் சோதிப்பதுபோல் இரு கையாலும் இழுத்தார்.
ஜன்னலுக்கு வெளியே மழையில் நீட்டி
மறுபடி இழுத்தார்.
"அறுக மாட்டேங்குது. என்ன கலந்தீங்க?"
"ஒன்றுமில்லை. முறுக்குதான்."

சற்று நேரம் கழித்து,
"எண்ணூற்றைம்பது சதுர அடிக்கு நெய்ய முடியுமா?"

கணக்குப் போட்டேன்.
மிச்சமிருக்கும் டவர் முழுவதையும் கிழித்தாலும்
ஹாலில் பாதிதான் தேறும்.

"அப்ப கால்மிதி ஒண்ணு.
வாசலையாவது முதல்ல வச்சுக்குவோம்."

டேப்பை எடுத்தபடி, பழைய பழக்கத்தில்,
கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டுவிட்டேன்.

"உள்பக்கம்," என்றார்,
யோசிக்கவே இல்லை.