சலவைக் கணக்கின் பின்புறம்

தாளின் முன்புறம்:
விரிப்பு பதினாறு, தலையணை உறை முப்பத்திரண்டு,
நாலாம் அறையில் டவல் ஒன்று குறைவு.
அதே தாளைத் தலைகீழாகத் திருப்பினால்
என் இங்கிலீஷ்.

அப்புத்தளையில் முன்பு தொரை இருந்த பங்களா
இப்போது ஒன்பது அறை ஹோட்டல்.
அம்மா பின்வாசல் வரைக்கும்தான் வந்திருக்கிறாள்.
என் இடுப்பில் ஒன்பது அறைக்கும் சாவி.

நாலாம் அறை மிஸ் ஹேசல்
மூன்று மாதமாக ஏதோ எழுதுகிறாள்.
வந்த வாரத்தில் ஒருநாள்
'இன்றைக்கு நான் வானிலைக்குக் கீழே' என்றாள்.
ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில்.
வானிலைக்குக் கீழே இல்லாதவர் யார்,
அந்தா, எதிர்மலையில் நிரை பிடித்து நிற்கிற
அத்தனை பேரும் அதற்குக் கீழேதானே என்று நினைத்து
குடையைக் கொண்டுபோய் நீட்டினேன்.
சிரித்தாள். சிரிப்பு இருமலானது.
இருமலில்தான் எனக்கு அர்த்தம் விளங்கியது.
மல்லி அவித்துக் கொடுத்தேன்.
அவளுக்குக் கீழே, நமக்கு மேலுக்கு முடியவில்லை;
காய்ச்சல் ஒன்றுதான்.

ராத்திரி படுக்கப் போகும்போது
'சாக்கை அடிக்கப் போகிறேன்' என்பாள்.
எனக்குத் தெரிந்த சாக்கு
ஈரத்தில் கனக்கும்.
அதன் பேரில் தராசில் இரண்டு கிலோ வெட்டுவார்கள்.
பகலெல்லாம் எங்களை அடித்த சாக்கை
ராத்திரியில் யாரோ திருப்பி அடிக்கிறார்கள் என்று
எழுதி வைத்துக்கொண்டேன்.

பெட்டியைத் தூக்க 'ஒரு கை கொடு' என்றாள்.
அதை எழுதவில்லை.
அது வீட்டிலேயே இருந்தது.

தவமலர் துவைக்கிற கல்லில் குத்தவைத்துக் கேட்டாள்:
'நமக்கு எதுக்குடி இங்கிலீசு?'
பிரட்டு, செக்ரோல், கொந்தரப்பு, லயன்
என்று விரல் விட்டேன்.
'அதெல்லாம் தமிழு' என்றாள்.
நானும் போன மாதம் வரை அப்படித்தான் இருந்தேன்.
மழையில் பேர் போடும் வரிசையில் நின்று
தலைமுறையாக வாயில் தேய்ந்த இங்கிலீஷ்.
எல்லாம் வா, நில், நிறு, கழி.
வேண்டாம் என்று சொல்ல
அதில் ஒரு சொல்லும் வந்து சேரவில்லை.

பிறகு அந்தச் சனிக்கிழமை.
மானேஜர் விஜேகோன் கரோக்கி மைக்கை நீட்டினார்.
மிஸ் ஹேசல் விரலைக்கூட அசைக்காமல் சொன்னாள்:
நாட் மை கப் ஒஃப் டீ.
மேசையில் கோப்பையே இல்லை.
ஆனால் மைக் கோபமில்லாமல் அடுத்த மேசைக்குப் போனது.
அன்று நான் அர்த்தம் எழுதவில்லை, பார்த்ததை எழுதினேன்:
இதைச் சொன்னால் தள்ளிப் போகிறார்கள்.

சீசன் தொடங்கியது.
புதுக் கூடை ஒன்று வந்தது, வார்னிஷ் வாசனையோடு.
சிவப்புச் சேலை, படங்கு, பொய்க் கொழுந்து.
வாசலில் நிற்க வேண்டும், வருகிறவர்கள் படம் எடுப்பார்கள்.
'நீதான் பொருத்தம், உன் அம்மா மலையில் வேலை செய்தவள்தானே.'

நாக்கு காய்ந்துபோனது.
ஒஃப்பில் தடுக்கி, டீயில் எழுந்து, சொல்லிவிட்டேன்.
விஜேகோன் என்னையே பார்த்தார்.
சாவிக்கொத்து கிலுங்குவது எனக்கே கேட்டது.
'யார் சொல்லிக் கொடுத்தது?'
'நாலாம் அறை, சேர்.'
கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் அது தவமலரின் முதுகில்.
தொப்பிக்காரர் ஒருவர்
இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று கைகாட்டினார்.
அவள் நகர்ந்தாள். சிரித்தாள்.
நான் மாடியில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன்,
துடைத்த இடத்தையே.

சாயந்திரம் கல்லடியில் கேட்டாள்:
'அந்தாளுகிட்ட என்னாடி சொன்ன?'
சொன்னேன். மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள்.
'தேத்தண்ணியதானே சொல்ற?
அதுக்கா பயந்தாரு?'
சேலை முந்தியில் முடிந்த காசை எண்ணினாள்.
'இப்ப சொல்ல ஏலாது. மகனுக்கு சப்பாத்து வாங்கணும்.
ஆனா எழுதிக் குடு.'

தாளையே கிழித்துக் கொடுத்தேன்.
முன்புறக் கணக்கும் அதோடு போயிற்று.
நாலாம் அறையில் எத்தனை டவல் குறைவென்று
இனி யாருக்கும் தெரியாது.