பன்னி ரொட்டி

சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு
நரிமேட்டின் மின்விசிறிகள் எல்லாம் நின்றன.
மாதாந்திரப் பராமரிப்பாம்.
மாடிவீட்டு லோகநாயகி
மின்வாரியத்தின் ஏழு தலைமுறையையும் வம்புக்கு இழுத்தார்.
நான் முந்தின இரவே
தெர்மாஸில் வெந்நீர் நிரப்பி வைத்திருந்தேன்.
டர்பனில் நாங்கள்
எந்தத் தெரு எத்தனை மணிக்கு இருளும் என்ற
அட்டவணையைப் பார்த்துக்
கல்யாணத்துக்கு நாள் குறித்தவர்கள்.

டர்பன் என்றால் இங்கே
"தர்மபுரிக்கு அங்கிட்டா?" என்கிறார்கள்.
ஆமாம், கொஞ்சம் அங்கிட்டுத்தான்.

சலோஷ்னி என்ற என் பெயரை
கேஸ் ஏஜென்சியில் சரோஜினி ஆக்கிவிட்டார்கள்.
அந்தப் பெயருக்கு சிலிண்டர் சீக்கிரம் வருகிறது.
விட்டுவிட்டேன்.

முப்பத்தாறு வயதில்
கண்ணாடி முன்னால் நாக்கை மடித்து மடித்து
ழகரம் பழகியவள் நான்.
ஊர் வந்து இறங்கினால்
தள்ளுவண்டிக்காரர் "வாளப்பளம், வாளப்பளேய்" என்கிறார்.
மடித்த நாக்குக்கு யாரிடம் கூலி கேட்பது?

அன்றைக்கு எனக்கு எங்கள் ஊர்ச் சாப்பாட்டின்மேல்
அடங்காத ஆசை.
ஆட்டோவில் ஏறி,
"அடுத்த ரோபோவுல வலது பக்கம்" என்றேன்.
பழக்கதோஷம்.
சிக்னல் விளக்குக்கு அங்கே அதுதான் பெயர்.
பெருமாள்சாமி கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
சாலையைப் பார்த்தார்.
"ரோபோவெல்லாம் இல்லம்மா.
ஒரு ஏட்டையா நிப்பாரு, பரவாயில்லையா?"

தவமணி பேக்கரியில்
அறுக்காத ரொட்டி ஒன்று கேட்டேன்.
"இந்தா வந்துரும்" என்றார்.
மதுரை 'இந்தா'வுக்கு நாற்பது நிமிடம்.
இதில் எனக்கு வருத்தமே இல்லை.
'ஜஸ்ட் நவ்' வருகிறேன் என்போம் நாங்களும்.
அப்படிச் சொல்லிப் போன என் முதல் காதலன்
இன்னும் வந்துகொண்டிருக்கிறான்.

குழம்பு கொதித்தபோது
மூக்கு முன்னால் வர, லோகநாயகி பின்னால் இறங்கி வந்தார்.
"என்ன வைக்கிற?"
"பன்னி சௌ."
வந்த வேகத்தில் இரண்டு படி ஏறிவிட்டார்.
"ஆட்டுக்கறி வாசம்ல அடிக்குது" என்றது மூக்கு.
"குடியிருக்க வீட்டுல பன்னியா?" என்றது வாய்.

விளக்கினேன்.
ரொட்டியின் வயிற்றைக் குடைந்து
கறிக்குழம்பை உள்ளே ஊற்றினால் அதன் பெயர் அது.
பன்னி என்றால் இங்கிலீஷில் முயல்குட்டி.
இதில் முயலும் கிடையாது.

"பன்னியும் இல்ல, முயலும் இல்ல.
பெறகு எதுக்குடி அந்தப் பேரு?"

டர்பனில் இந்தக் கேள்வியை
ஒருத்தரும் என்னிடம் கேட்டதில்லை.
பதில் தெரியாதபோது
எதிர்க்கேள்வி கேட்க இந்த ஊரில்தான் கற்றேன்.
"உங்க ஜிகர்தண்டால ஜிகர் எங்க இருக்கு?"
"ஜிகருன்னா?"
"ஈரல்."
கொஞ்சநேரம் பேச்சே இல்லை.
"நல்லவேளை, குடிக்கிறப்ப சொல்லல" என்றபடி
படியிலேயே உட்கார்ந்தார்.

மின்சாரம் வரும்வரை
ஆளுக்கு அரை ரொட்டி.
கரண்டி கேட்டவரிடம்
கையால்தான் சாப்பிட வேண்டும் என்றேன்.
"அட, நம்ம பழக்கம்" என்று மோதிரத்தைக் கழற்றினார்.
குழம்பு முழங்கை வரை வழிந்தது.
குடைந்தெடுத்த பஞ்சுக்கு
அவர் மகன் கோகுலும் நானும்
மல்லுக்கட்டினோம்.
நான்தான் ஜெயித்தேன்.
அவனுக்கு வயது ஒன்பது.
அதனால் என்ன?

அடுத்த சனிக்கிழமை
பேக்கரி கண்ணாடிப் பெட்டிக்குள்
ஓர் அறுக்காத ரொட்டி தனியாக இருந்தது.
மேலே கொட்டை எழுத்தில் ஒரு சீட்டு:
'பன்னி ரொட்டி. சரோஜினி மேடத்துக்கு.'
வரிசையில் எனக்கு முன்னால் நின்ற நெற்றி நிறைய விபூதிக்காரர்
அதை ஒருமுறை படித்தார்,
என்னை ஒருமுறை படித்தார்,
தேங்காய் பன் வாங்காமலே கிளம்பிவிட்டார்.

விளக்கம் சொல்ல வாயெடுத்தேன்.
ரொட்டி சூடாக இருந்தது.
அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்,
இந்தா.