எடைச்சீட்டின் முதுகில் லாவோ

லாரிக்கும் லாரிக்கும் நடுவே நாலு நிமிஷம்.
அதற்குள் ஒரு வாக்கியம்.
சபாய்டீ, சபாய்டீ என்று
எடைமேடைச் சன்னலுக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.
சன்னலுக்கு அந்தப் பக்கம் பதினெட்டு டன் செம்பனைக் குலை.
ஓட்டுநர் அஸ்மான் கையசைக்கிறான்
வணக்கம் தனக்குத்தான் என்று.

பகாவைத் தாண்டாதவள் இல்லை நான்.
சிரம்பான், பத்துமலை, ஒருமுறை பினாங்கு.
இப்போது கழிவு விலையில் மூன்று டிக்கெட்:
எனக்கு, தையல்நாயகிக்கு, கணக்குப் பிரிவு சியூ லிங்குக்கு.
ஆகஸ்டில் அங்கே விடாத மழையாம்.
அதனால்தான் மலிவு என்று
பணம் கட்டிய பிறகு தெரிந்தது.

பழைய எடைச்சீட்டுகளின் முதுகில்
பேனா மை ஊறிய எழுத்தில்
போ: இல்லை.
நமக்குப் போ என்றால் கிளம்பு.
அவர்கள் கிளம்புவது பை.
மா: வா.
தா: கண்.
பா: மீன்.
கை: தூரம். கை: பக்கம். கை: கோழி.
குரலை ஏற்றி இறக்கினால்தான் மூன்றும் பிரியுமாம்.
பேருந்து நிலையம் தூரமா என்று கேட்கப் போய்
பேருந்து நிலையம் கோழியா என்று நான் கேட்டுவிட்டால்
பதில் சொல்லவேண்டியது தையல்நாயகி.

தாய் என்றால் சாவது.
அந்தச் சீட்டை மட்டும்
வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

புரியவில்லை என்பதற்கு
நெஞ்சுக்குள் நுழையவில்லை என்பார்களாம்,
போ காவ் ஜை.
நமக்கு மண்டையில் ஏறணும்.
நாற்பத்து மூன்று வயதில்
ஏறவும் இல்லை, நுழையவும் இல்லை.

பத்தரைக்குக் காவல் மாற்ற லோக்மணி வந்தான்.
நேப்பாளத்துப் பையன். முன்பு குலை வெட்டினான்,
இடுப்பு போன பிறகு கேட்டில் போட்டார்கள்.
என்ன பாஷை அக்கா, என்றான் தமிழில்.
சொன்னேன். சிரித்தான்.
சட்டைப் பையிலிருந்து வியர்வையில் வளைந்த நோட்டு ஒன்றை எடுத்து
நானும் இப்படித்தான் என்றான்.
அவன் எழுத்து எனக்குத் தெரியாது.
அவனே வாசித்தான், எழுதிய வரிசையில்:

சரி பாஸ்.
எத்தனை மணிக்கு முடியும்?
சம்பளம் இன்னும் வரலை.
இடுப்பு வலிக்குது.
என் பாஸ்போர்ட்டு.

அப்புறம்?
அதோடு நின்னிருச்சு அக்கா.
அதுக்குப் பின்னாடி என்ன சொல்லணும்?

என் சீட்டுகளைப் பார்த்தேன்.
எவ்வளவு? விலை அதிகம். கழிவறை எங்கே?
காரம் வேண்டாம். ருசி. மிக்க நன்றி.
இடுப்பு என்ற சொல்லே அதில் இல்லை.
கைப்பையில் என் பாஸ்போர்ட்டு,
போன வாரம் வந்தது, பசை வாசம் போகாத சிவப்பு.
அவனுடையது ஆபீஸ் இரும்புப் பெட்டகத்தில்,
பத்திரத்துக்காக.
அப்படித்தான் சொல்வோம், நாங்கள் எல்லோரும்.

தாங்க என்று எழுதிக்கோ என்றேன்.
எழுதினான்.
வேண்டாம், அழி. வேணும் என்று எழுது.
என் பாஸ்போர்ட்டு வேணும்.
ஒவ்வோர் எழுத்தாய் அழுத்தி எழுதினான்,
பக்கம் கிழிந்துவிடும்போல.

பதிலுக்கு லாவோவில் ஒன்று கேட்டான்.
பசியாறியாச்சா?
கின் காவ் லேவ் போ?
மூன்று முறை சொன்னான், என்னைவிடச் சுத்தமாக.
கடைசியில் ஏன் போ, போகச் சொல்றாங்களா?
இல்லை, அது கேள்வி.
வாக்கியத்தின் முடிவில் வந்தால்
இல்லைகூடக் கேள்விதானாம்.

ஆரன் அடித்தது.
இருபத்தோரு டன் நானூறு.
லாரி எடையைக் கழித்து, சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
முதுகில் எழுதியிருந்த சீட்டு அது;
அஸ்மானின் பையில் இப்போது
ஒரு கோழி, ஒரு தூரம், ஒரு பக்கம்.

லோக்மணி தடுப்புக்கட்டையைத் தூக்கினான்.

நாளை காலை
பெட்டகச் சாவி யாரிடம் என்று
சியூ லிங்கிடம் கேட்கவேண்டும்.
லாவோவில் அல்ல.