கரடி தூங்கும் சுவர்

நவம்பர் இரண்டாம் ஞாயிறு.
மெர்வியைக் காலையிலேயே ஆஸ்பத்திரி கூப்பிட்டுக்கொண்டது,
யாருக்கோ காய்ச்சலாம், அவர் இடத்தில் இவள்.
ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் செருப்புமாக வாசலில் நின்று
"நீயே கூட்டிப் போயிடு" என்றாள்.
பிறகு என்னை ஒருமுறை பார்த்தாள்,
அடுப்பை அணைத்தோமா என்று
திரும்பிப் பார்ப்பதுபோல்.

ஹெல்சிங்கியில் மிருகக்காட்சிசாலை ஒரு தீவு.
கோடையென்றால் படகு. இப்போது பாலம்தான்.
பாலத்தின்மேல் காற்று,
மழையா பனியா என்று முடிவெடுக்காத ஒன்று.
வெய்க்கா, ஐந்து வயது, என் விரலைப் பிடித்துக்கொண்டான்.
ஹில்லா, பன்னிரண்டு,
தனியாக வந்தவள்போல் பத்தடி முன்னால்.
ஒன்றரை வருஷமாய் ஒரே வீடு, ஒரே வெண்ணெய்க் கத்தி.
இஸ்மோ என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்,
வைஃபை நின்றுபோனால்.

சீட்டு ஜன்னலில் எழுதியிருந்தது:
தந்தையர் தினம். அப்பாக்களுக்கு இன்று இலவசம்.
கண்ணாடிக்குப் பின்னிருந்த பெண் எங்களை எண்ணினாள்.
"அப்பா ஒண்ணு, பிள்ளைங்க ரெண்டா?"
நான் பர்ஸைத் திறந்து வைத்திருந்தேன்.
உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் வேண்டும்,
நீளமான வாக்கியம்,
குவோப்பியோவில் இருக்கும் இன்னொருவர் அதில் வருவார்,
காலையில் அவருக்கு இவள் அனுப்பிய
வாழ்த்தட்டையின் படம் வரும்.
பின்னால் வரிசை இருமியது.
"ஆமா" என்றாள் ஹில்லா, கடலைப் பார்த்தபடி.

உள்ளே வந்ததும்:
"உன் சீட்டுக் காசு மிச்சம்.
எனக்கு உருளை வறுவல் வேணும்."
வாங்கினேன். பெரியது.

நவம்பரில் மிருகங்களுக்கு நம்மேல் ஆர்வம் இல்லை.
பனிச்சிறுத்தை வாலை மட்டும் காட்டியது,
யாரோ பாறையில் மறந்துபோன மஃப்ளர்.
ஒட்டகம் நின்ற இடத்திலேயே நின்று மென்றது.
ஆந்தை தலையைத் திருப்பி எங்களைப் பார்த்து
வருத்தப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.
கூண்டில்லாத மயில் ஒன்று, தொப்பலாய் நனைந்தது,
வறுவலுக்காக ஹில்லாவைத் துரத்தியது.
கத்தினாள், சிரித்தாள்,
ஓடிவந்து என் முதுகின் பின்னால் ஒளிந்தாள்.
இரண்டு நொடி.
அப்புறம் அது யார் முதுகு என்று ஞாபகம் வந்தது.

வெய்க்காவுக்கு இதெல்லாம் வேண்டாம். கரடி.
கரடி இல்லை.
காலிப் புல்தரை, ஒரு மரக்கட்டை, கடிபட்ட டயர்,
இரும்புக் கதவில் ஒரு பலகை:
தூங்கப் போய்விட்டோம். வசந்தத்தில் சந்திப்போம்.
அக்கா வாசித்துக் காட்டினாள்.
அவன் அழவில்லை. அதுதான் கஷ்டமாயிருந்தது.
சுவரருகே போனான். தொப்பியைக் கழற்றினான்.
ஈரக் காங்கிரீட்டில் காதை வைத்தான்.
"மூச்சு விடுது."

ஹில்லா குனிந்து அவளும் காதை வைத்தாள்.
நானும் மண்டியிட்டேன்.
கேட்டது.
பதினாறு வருஷமாய்க் காற்றோட்ட இயந்திரங்களைப்
பழுது பார்ப்பவன் நான்.
விசிறி. பெரிய சைஸ். பேரிங் காய்ந்துவிட்டது,
சுற்றுக்கு ஒருமுறை இழுக்கிறது,
இந்தக் குளிர்காலம் தாங்காது.

ஹில்லா என்னைப் பார்த்தாள்.
என் வேலை அவளுக்குத் தெரியும்.
கன்னம் சுவரில் அழுந்தி வாய் கோணியிருந்தது,
உதட்டோரம் வறுவல் உப்பு.
இத்தனை கிட்டத்தில் அவள் கண்களை நான் பார்த்ததில்லை.
சாம்பல் நிறம். இடதில் மட்டும் ஒரு பழுப்புப் புள்ளி.

"நல்ல தூக்கம்" என்றேன்.
"ஆண் கரடி. கொஞ்சம் மூக்கடைப்பு."

வெய்க்கா தலையாட்டினான், அவனுக்கு முன்பே தெரிந்ததுபோல்.
வழியில் போன குடும்பம் ஒன்று நின்று பார்த்தது.
அவர்களுடைய சின்னப்பெண் கையை உதறிவிட்டு
சுவருக்கு வந்தாள்.

பஸ்ஸில் மெர்வி அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.
என்னவெல்லாம் பார்த்தீங்க?
"சுவர்" என்றான் வெய்க்கா, பெருமையாக.
"கரடி குறட்டை விடுதும்மா" என்றாள் ஹில்லா
ஜன்னல் ஆவியில் விரலால் எதையோ கிறுக்கிக்கொண்டே.
"எண்ணெய் போட்டாச் சரியாயிடும்.
இஸ்மோவுக்குத் தெரியும்."