இரண்டு தீக்குச்சி இடைவெளி

கதவுக்கும் மட்காட்டுக்கும் நடுவில்
இரண்டு தீக்குச்சி படுக்க வேண்டும்.
மேலே படுத்தது கீழேயும் படுக்க வேண்டும்.
ஐம்பத்தெட்டாம் ஆண்டு மொரிஸ் மைனர் இது
மேலே ஒன்றுக்கும் இடம் தராது,
கீழே என் சுண்டுவிரலை விழுங்கும்.

உள்துறைமுக வீதி, ஐஸ் வாடிக்குப் பின்பக்கம்.
இங்கே காற்றே ஓர் உப்புத்தாள்,
யாரும் பிடித்துத் தேய்க்காமலே தேய்க்கும்.
சனிக்கிழமை சுரண்டி வெளுத்த தகரம்
திங்கட்கிழமை தேத்தண்ணி நிறம்.
பிறைமர் அடித்த பிறகுதான் சோறு
என்பது நவ்ஷாட்டின் சட்டம்.

வண்டி மங்களேஸ்வரியுடையது.
துறைமுகத்தில் கணக்குப் பார்க்கிறவ.
ஆசைப்பட்டு வாங்கவில்லை,
ஏலத்தில் கொசு அடிக்கக் கையைத் தூக்கினேன் என்பா.
ஆனாலும் ஐந்து மணிக்குச் சரியாக வந்து
கைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுப்பா.

சுரண்டினோம்.
பச்சை, அதன் கீழ் கறுப்பு,
அதன் கீழ் கந்தோர்ச் சாம்பல்.
ஒரு விரல் கனத்துக்குக் கட்டலோய்.
அதையும் உடைத்தால், கதவடிச் சட்டத்தில்
பிஸ்கற் ரின் ஒன்றைத் தட்டையாக்கிப்
பதினேழு ரிவிற் அடித்திருந்தான் எவனோ.
ரின்னில் ஒரு கிளி, வால் மட்டும் இல்லை.

இவனெல்லாம் ஒரு தொழிலாளியா என்றேன்.
நவ்ஷாட் ரின்னைத் திருப்பி
மூலையில் அச்சடித்த திகதியை வாசித்தான்.
அந்த வருஷம் இந்த ஊருக்குள்
ஒரு காஸ் சிலிண்டர் வந்திருக்குமா,
சோதனைச்சாவடி தாண்டி?
நான் கிரைண்டரைப் போட்டேன்,
அந்தச் சத்தத்தில் பதில் தேவைப்படாது.

வெட்டினதில் பிழை இல்லை.
குறுக்குக் கம்பி பூட்டாமல் வெட்டினதுதான்.
பதினேழு ரிவிற் பிடித்துக்கொண்டிருந்த உடம்பு
பெருமூச்சு விட்டு
மூன்று மில்லிமீற்றர் இறங்கியது.
அதுவரை மூடின கதவு
அன்றைக்கு மூடவில்லை.

பிறகு ஜக். பிறகு கம்பி.
மயிரிழை மயிரிழையாய்த் தூக்கி, கதவைத் தொங்கவிட்டு,
கழற்றி, மறுபடி தொங்கவிட்டு.

புதுச் சட்டத்துக்கு மட்டையில் அச்சு வெட்டினேன்.
கடையில் ஒரு பிளேன்ரீ குடித்து வருவதற்குள்
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
அச்சை முழுதாய்த் தின்று முடித்திருந்தது.
கொம்பில் மாஸ்கிங் ரேப் தொங்க
நின்று என்னைப் பார்த்தது.
அளவையாவது சொல்லிவிட்டுப் போ என்றேன்.

சரி, வலப்பக்கம் பழுதில்லையே,
அதை அச்செடுத்துத் திருப்பிப் போடுவோம்.
திருப்பினோம். கால் அங்குலம் இடித்தது.
மூன்று தரம் அளந்தோம், நாடாவை மாற்றி அளந்தோம்.
பிறந்த நாளிலிருந்தே இந்த வண்டிக்கு
இடமும் வலமும் ஒன்றில்லை.
தொழிற்சாலையில் ஒருவன், எங்கோ ஒரு குளிரில்,
மரச்சுத்தியலால் ஓங்கி ஒன்று போட்டு
போதும், தள்ளு என்றிருக்கிறான்.
இத்தனை வருஷமாய் ஒருவரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நாடாவைத் தொடவில்லை.
தட்டத் தட்டத் தகரம் வளரும்,
அடித்தால் சுருங்கும் என்று நினைக்கிறவன்
வயிறு வைத்த மட்காட்டோடு வீட்டுக்குப் போவான்.
சூடு காட்டி, ஈரத்துணி வைத்து,
அது இழுக்கும்வரை காத்திருக்க வேணும்.
கண்ணை மூடி உள்ளங்கையால் தடவினேன்.
மண்ணெண்ணெய் பூசி, ரியூப்லைற்றின் கோடு
எங்கே நெளிகிறதென்று குனிந்து பார்த்தேன்.
கதவின் நடுவில் நெளிந்தது.
நேற்று நெளிந்ததைவிடக் குறைவு.

ஐந்து மணி.
மேலே இரண்டு குச்சி. நடுவில் இரண்டு.
கீழே ஒன்று போனது, இரண்டாவது நின்றது.
நாங்கள் இருவரும் பேசவில்லை.
மங்களேஸ்வரி அந்தக் குச்சியை
நகத்தால் நெடுக்காகப் பிளந்து, பாதியைச் செருகி,
கதவைத் திறந்து, ஒருதரம் சாத்திப் பார்த்தா.
டப் என்று இல்லை.
ம் என்று ஒரு சத்தம்.
வெல்ட் பண்ணுங்கோ என்றா.

பிஸ்கற் ரின்னை நான் எறியவில்லை.
ஓரம் மடித்துத் தட்டாக்கி
வாஷர் போட்டு வைத்திருக்கிறேன்.
கிளிக்கு மேல் வாஷர்.

வலப்பக்கக் கதவை
இன்னும் திறந்தே பார்க்கவில்லை.