பதினெட்டு கிராம்

வீட்டிலிருந்து ஒரு பொருளை எடுங்கள்,
எதை விற்க மனம் வராதோ அதை.
மேசைமேல் வையுங்கள்.
அது பேசும்வரை எழுதாதீர்கள் என்றார்கள்
சனிக்கிழமை வகுப்பில்.

புவனேஸ்வரி பிளாஸ்க் கொண்டுவரப் போகிறாளாம்,
சிவப்பு மயில் போட்டது, மூடி இல்லாதது.
தேவசகாயம், சீட்டாடி ஜெயித்த கைக்கடிகாரம்.
எனக்கு
அப்பாவின் தராசு.

ரைபிள் ரேஞ்ச், பதினோராம் மாடி.
வாஷிங் மெஷினுக்குப் பின்னால்
கயிறு சிக்கிக் கிடந்ததை உருவியெடுத்து,
துடைத்து,
கொம்தார் விளக்கு தெரியும் ஜன்னலின்
கம்பியில் தொங்கவிட்டேன்.
டீ ஆறி ஏடு படியும்வரை பார்த்தேன்.
பேசவில்லை.

ஆகவே நானே பேசினேன்.
மூன்று பக்கம்.
சௌராஸ்தா பசாரில் முப்பத்தோரு வருஷம்
வெங்காயமும் காய்ந்த மிளகாயும் நிறுத்த மனிதர்,
கொசுறாய்க் கறிவேப்பிலை கிள்ளிப் போடும் விரல்கள்,
கை சுத்தம் என்று எழுதி
அடியில் கோடும் இழுத்தேன்.
படித்துப் பார்க்கையில் எனக்கே கண் கலங்கியது.
அதுதான் முதல் சந்தேகம்.

இன்னும் ஒரு விவரம் இருந்தால் நன்றாயிருக்கும்,
முத்திரை, வருஷம், ஏதாவது
என்று தட்டைத் திருப்பினேன்.

அடியில்
கட்டைவிரல் அகலத்துக்குக் கருமெழுகு.
மெழுகுக்குள் ஒரு சென் காசுகள்,
ஒன்றன்மேல் ஒன்றாய் ஏழோ எட்டோ.
மேல் காசில் வருஷம் தெரிந்தது:
நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம்.
மற்றத் தட்டின் அடி
வழவழவென்று இருந்தது.

கேக் மாவு நிறுக்க மகள் வாங்கிய
பேட்டரித் தராசில்
இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தேன்.
வித்தியாசம் பதினெட்டு கிராம்.
தராசைத் தராசே காட்டிக்கொடுத்தது.

பதினெட்டு கிராம் என்றால்
மூன்று சின்ன வெங்காயம்.
மூன்றாம் பக்கத்தின் பின்புறம் கணக்குப் போட்டேன்:
என் வெள்ளைக் காலணி,
தம்பியின் சைக்கிள்,
இந்த வீட்டுக்குக் கட்டிய முன்பணம்,
எல்லாம்
யாரோ வீட்டுச் சாம்பாரில் குறைந்த
மும்மூன்று வெங்காயம்.

ராத்திரி இரண்டு மணிக்குத்தான் உறைத்தது:
இதில் எது சாமான் தட்டு?
மெழுகு ஒட்டியது எடைக்கல் தட்டென்றால்
முப்பத்தோரு வருஷமும் அவர்
கூடுதலாய்க் கொடுத்திருக்கிறார்,
வாங்கினவருக்கும் தெரியாத கொசுறு.
அல்லது கோலே கோணலாய் இருந்து
நேராக்கத்தான் மெழுகோ?

கிள்ளானில் தம்பியைக் கூப்பிட்டேன்.
'கயிறு அறுந்துச்சுக்கா,
நாந்தான் மாத்திக் கட்டினேன்.
எது எந்தப் பக்கம்னு யாரு பாத்தா?'
கொஞ்சம் பொறுத்து,
'ஏன், விக்கப் போறியா?'

விடிந்ததும் பசாருக்குப் போனேன்.
பக்கத்துக் கடையில் தவ்கே விற்ற ஆ செங்
இன்னும் அதே முக்காலியில்.
எந்தக் கையால் கல் போடுவார் என் அப்பா?
'உங்கப்பாவா?
ரெண்டு கையும் வேகம் லா!'
சிரித்தார்.
அந்தச் சிரிப்பையும் நிறுத்துப் பார்த்தேன்.
முள் நிற்கவில்லை.

மூன்று பக்கத்தையும் கிழிக்கவில்லை.
'கை சுத்தம்' என்றதில்
சுத்தத்தை மட்டும் அடித்தேன்.
கை மிஞ்சியது.
அதிலிருந்து மறுபடி:

வெங்காயச் சருகு ஒட்டிய கை.
மிளகாய் நெடி போகாத நகக்கண்.
கோலைத் தூக்கியதும்
பசார் இரைச்சல் முழுக்க நடுவில் நிற்க,
முள் ஆடி அடங்கும்வரை
அவர் மூச்சு விடமாட்டார்.

எதற்கென்று தெரியாது.
ஆனால் பார்த்திருக்கிறேன்,
மிளகாய் மூட்டைமேல் உட்கார்ந்து
நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு.