நூற்றெண்பது நாள்

மண்டபத்தில் ஐஸ் பிளாண்டுக்கு மேல்மாடியில்
எங்கள் சர்வர்.
கீழே நண்டு குளிர்கிறது, மேலே இயந்திரம்.
இரண்டையும் உப்பு அரிக்கும்.

முந்நூற்றுப் பன்னிரண்டு விசைப்படகு.
எது எங்கே நிற்கிறது, எத்தனை லிட்டர் டீசல்,
எந்த மடியில் எவ்வளவு கணவாய்,
ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி.
கரை சேருமுன்னே விலை பேச
முதலாளி தாவூது கனி போட்ட செயலி.

புதன் இரவு இரண்டு நாற்பதுக்கு
எவனோ உள்ளே வந்து போயிருக்கிறான்.
பூட்டை உடைக்கவில்லை.
ஏலக்கூடச் சுவரில் நாங்களே ஒட்டி வைத்த
கடவுச்சொல்லைப் போட்டிருக்கிறான்.

ஆறு மணி நேரத்தில் தெரிவிக்கணும், இது விதி.
எப்போதிலிருந்து ஆறு என்று படித்துப் படித்துப் பார்த்தேன்.
இறாலுக்கு இந்தச் சந்தேகம் கிடையாது.
"வாங்குறவன் காதுக்குப் போனா ஆர்டர் போச்சும்மா"
என்றார் முதலாளி.
ஐந்தாவது மணியில் அனுப்பிவிட்டேன்.

அதற்குப் பதில் இல்லை.
வேறொரு கடிதம் வந்தது.
நூற்றெண்பது நாள் பதிவு, எல்லாப் படகும்.
தேசப் பாதுகாப்பு என்று ஒரு வரி.
கேட்டதை யாருக்கும் சொல்லாதே என்று அடுத்த வரி.
கையெழுத்து நீலம்; பெயர் படிக்க வரவில்லை.

ராமநாதபுரம் வக்கீல் போனில் சொன்னார்:
"குடுத்துட்டு, குடுத்ததுக்கு ரசீது வாங்கு."
வக்கீலிடம் சொல்லலாமா என்று
கடிதத்தில் இல்லை.

கோப்பைத் திறந்தேன்.
தடைக்காலம் அறுபத்தோரு நாளும்
துறையில் கொட்டிய கடுகு.
பிறகு கிழக்கே சிதறல்.
எல்லைக்கோடு சிவப்பு, பென்சில் கனம்.
கச்சான் அடித்த ஓர் ஆவணி இரவில்
பதினோரு புள்ளி அதற்கு அப்பால்.

ஒன்று என் அண்ணன் ரெமிஜியூஸ்.
எஞ்சின் நின்று நீரோட்டம் இழுத்த இரவு;
வீட்டில் எல்லோருக்கும் தெரியும்,
மதினி விடிய விடிய சாப்பிடவில்லை.
எஞ்சின் நின்றது என்று எழுத
அட்டவணையில் கட்டம் இல்லை.

ஒரு வரியை அழிக்க
விரல் ஒருமுறை அழுத்தினால் போதும்.
அழித்ததும் பதிவாகும்.
அப்படி அமைத்தவள் நான்.

நாலரைக்கு மதினி கூப்பிட்டாள்.
"படகு எங்க காட்டுது?"
வடக்கே நாலு மைல், திரும்பிக்கிட்டிருக்கு.
"நம்மளத் தவிர வேற யாருக்கும் தெரியுமா?"
விலைக்காகக் கேட்கிறாள்.

ஐஸ் ஏத்தச் சொல்லியிருக்கேன் மதினி,
என்றேன்.
பச்சைக் கோடு அறுபது சதவீதம் ஏறியிருந்தது.